என் விரலைக் காட்டிப் பிழைத்தவன்

என் வலது கை ஆட்காட்டி விரலை ஒரு மனிதன் மூன்று வருடங்களாக மேடை மேடையாகக் காட்டிக் கைதட்டு வாங்கித் திரிந்தான். டென்மார்க்கில் அவன் பேசாத நூலகம் குறைவு. 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை என்கிறார் என் கணவர். எழுத மாட்டேன். அவனுக்கு மரியாதை கொடுத்து நான் பட்டது போதும்.

அவன் ஒரு மலை வழிகாட்டி. இமயமலையில் எண்ணாயிரம் மீற்றருக்கு மேலே நிற்கிற சிகரங்களுக்கு டேனிஷ்காரர்களைக் குழுவாகச் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போவது அவனுடைய தொழில். நான் ரண்டர்ஸ் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இருபது வருடங்களுக்கு மேலாக வேலை செய்கிற யாழ்ப்பாணத்துப் பெண். குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது, இரத்த அழுத்தம் பார்ப்பது, மூச்சுக்குக் கஷ்டப்படுகிறவர்களின் விரலில் கருவியைக் கவ்வவிட்டு இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது. இதுதான் என் நாள்.

ஏன் மலை ஏறினாய் என்று தமிழர்களும் டேனிஷ்காரர்களும் ஒரே மாதிரித்தான் கேட்கிறார்கள். ஆசைதான். ஒரு ஆண் அப்படிச் சொன்னால் அதோடு விட்டுவிடுவார்கள். என்னிடம் மட்டும் இரண்டாவது காரணம் கேட்டார்கள். என்னிடம் இரண்டாவது காரணம் எதுவும் இருக்கவில்லை.

டென்மார்க்கில் மலை கிடையாது. 'வான மலை' என்று பெயர் வைத்து இவர்கள் பெருமைப்படுகிற குன்று நூற்றைம்பது மீற்றர்கூட இல்லை. இருபது கிலோ பாஸ்மதி அரிசியை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு அதில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை ஏறி இறங்குவேன். நாயோடு நடக்க வந்த ஒரு டேனிஷ் கிழவர், நான் ஐந்தாவது தடவை அவரைக் கடந்தபோது, ஏதாவது தொலைத்துவிட்டாயா, நானும் தேடட்டுமா என்று கேட்டார். கோயில் திருவிழாவில் எனக்கு 'எவரெஸ்ட் அக்கா' என்று பட்டம் வைத்தார்கள். நான் சிரித்துக்கொண்டு இன்னொரு வடை எடுத்தேன். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் கோபம் முழுவதையும் ஒருவனுக்காகச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

நேபாளத்தில் இரண்டு சிறிய சிகரங்களில் அவனோடுதான் ஏறினேன். அப்போதெல்லாம் 'நீ ஒரு சின்ன இயந்திரம்' என்று முதுகில் தட்டுவான். அந்தப் புகழ்ச்சியில் மயங்கித்தான் மனாஸ்லுவுக்குப் பெயர் கொடுத்தேன். உலகத்தின் எட்டாவது உயரமான மலை. கோடை விடுமுறையை விட்டுக்கொடுத்து, சக ஊழியர்களின் நத்தார்ப் பண்டிகை வேலை நாட்களை எல்லாம் வாங்கிச் செய்து, இலையுதிர் காலத்தில் ஆறு வாரம் விடுப்பு எடுத்தேன். இல்லத்தில் சொல்லிவிட்டார்கள், இது ஒரு தடவைதான், இன்னொரு தடவை கேட்காதே என்று. வயதும் அப்படித்தான் சொன்னது.

ஏழு பேர் அவனுடைய வாடிக்கையாளர்கள். ஆறு டேனிஷ்காரர்களும் நானும். மூன்றாவது முகாம் வரைக்கும் எல்லோரும் சொந்த மூச்சில் ஏறினோம். அதற்கு மேலே போத்தல் ஒட்சிசன் இல்லாமல் எங்களைப் போன்றவர்களைக் கூட்டிக்கொண்டு போக மாட்டார்கள். போத்தல்களை ஷெர்ப்பாக்கள் முன்கூட்டியே சுமந்துபோய் வைத்திருந்தார்கள். ஆளுக்கு இத்தனை என்று கணக்கு, ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி ஆளின் பெயர். நான் என்னுடையவற்றில் டேப்புக்குக் கீழே ஒரு ஸ்டிக்கர் பொட்டையும் ஒட்டிவிட்டிருந்தேன். தூரத்திலேயே அடையாளம் தெரியும்.

மூன்றாவது முகாமில் ஒரு நாள் காலை. மேலே புறப்பட வேண்டிய நேரம். இடுப்புப் பட்டியின் கொளுக்கி உறைந்துபோனதால் கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். காற்று தோலை உரித்தது. அப்போதுதான் அவன் ஒட்சிசன் அளக்கிற கருவியோடு வந்தான்.

நாங்கள் பேசியதெல்லாம் டேனிஷில். அதில் எல்லோருக்கும் எல்லோரும் 'நீ'தான். என் காதில் விழுந்த மாதிரியே என் தமிழில் எழுதுகிறேன்.

"விரலைத் தா," என்றான்.

கொடுத்தேன். கருவி வெகுநேரம் யோசித்தது. பிறகு நாற்பத்தொன்பது என்று காட்டியது.

"கை குளிர்ந்து கிடக்கு. சூடாக்கிப்போட்டுத் திருப்பி அளந்து பார்," என்றேன்.

"எண் பொய் சொல்லாது."

"குளிர்ந்த விரலில சொல்லும். உள்ளுக்கு ரத்தம் ஓடாட்டி உது என்னத்தை அளக்கும்? நான் ஒவ்வொரு நாளும் செய்யிற வேலை இது."

"நீ வேலை செய்யிறது முதியோர் இல்லத்தில. இது ஏழாயிரம் மீற்றருக்குக் கிட்ட. நீ கீழ போறாய்."

உண்மையிலேயே நாற்பத்தொன்பது என்றால் நான் நினைவு தடுமாறிப் பனியில் விழுந்து கிடந்திருக்க வேண்டும். நானோ இரண்டு காலில் நின்று அவனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற மூத்த ஷெர்ப்பா என் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்க்கத் தொடங்கினார். 'விடு' என்று அவரை அதட்டினான். விரலில் கருவி கிடக்கும்போதே கைத்தொலைபேசியில் ஒரு படமும் எடுத்துக்கொண்டான். பதிவுக்குத் தேவையாம்.

ஏன் இந்த அவசரம் என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. எங்களில் ஒருவர் பெரிய கம்பனி முதலாளி. முந்திய இரவு மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, அளவைக் கூட்டிவிட்டுத் தூங்கியதில் அவருடைய போத்தல் ஒன்று விடிவதற்குள் காலியாகிவிட்டது. ஒரு போத்தல் குறைந்தால் ஒரு ஆள் குறைய வேண்டும். முதலாளி வரிசையில் போய் நின்றபோது அவருடைய முதுகுப்பையிலிருந்து ஒரு போத்தல் எட்டிப் பார்த்தது. அதில் என் பொட்டு இருந்தது.

கத்தினேன். காற்றில் யாருக்கும் கேட்கவில்லை, அல்லது கேட்காத மாதிரி நடந்தார்கள். பனியில் குந்தியிருந்து அழுதேன். அதையும் அவன் படம் எடுத்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஆறு பேரும் உச்சி தொட்டு இறங்கி வந்தார்கள். அடிவார முகாமில் அவன் என்னைக் கட்டிப்பிடித்து, ஒரு நாள் எனக்கு நன்றி சொல்லுவாய் என்றான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. அன்றைக்கே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. எண்ணைப் பார்த்தால் நம்பிப் பழகிய தொழில் என்னுடையது. உண்மையிலேயே எனக்கு முடியாமல்தான் போனதோ என்று ஒரு சந்தேகம் புழுவாய் உள்ளே புகுந்துவிட்டது. வீட்டிலும் வேலையிலும் உடம்புக்கு முடியவில்லை, திரும்பிவிட்டேன் என்றே சொன்னேன்.

வேலைக்குத் திரும்பிய முதல் வாரம், இல்லத்துச் சமையலறையின் உறைபெட்டிக்குள், மீன் பொதிகளுக்கு நடுவே, வலது கையை விட்டுக்கொண்டு நின்றேன். சமையல்காரி கரண்டியோடு வந்து, உனக்கு விசரா என்று கேட்டாள். ஓம் என்றேன். வலி தாங்க முடியாமல் போனதும் கையை எடுத்து அதே வகைக் கருவியை மாட்டினேன். எண்பத்தொன்று. பிறகு எழுபத்தாறு. பிறகு எண்ணே இல்லை, வெறும் கோடுகள். கடல் மட்டத்தில், காலைச் சாப்பாடு முடித்து, சுகதேகியாக நிற்கிற எனக்கு! கையைக் கக்கத்துக்குள் வைத்துச் சூடாக்கித் திரும்ப அளந்தேன். தொண்ணூற்றெட்டு.

உறைபெட்டியின் கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றேன். சந்தேகம் போய்விட்டது. அது இருந்த இடத்தில் வந்து குடியேறியது சுத்தமான வன்மம். அதை ஒளிக்க எனக்கு விருப்பமில்லை.

அடுத்த வருடம் ஒரு நாள் மகள் தன் தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவள் டேனிஷில்தான் பதில் சொல்லுவாள், கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும். அன்றைக்குத் தமிழ் வந்தது.

"அம்மா, இது உங்கட விரல் அல்லோ?"

அவனுடைய உரையில் ஒரு துண்டு. பின்னால் பெரிய திரையில் ஒரு மண்ணிற விரல், அதைக் கவ்விய கருவி, நாற்பத்தொன்பது. வடைக்கு எண்ணெய் கொதித்துத் தெறித்த தழும்பு விரலில் அப்படியே தெரிந்தது. அடுத்த படத்தில் பனியில் குந்தியிருந்து அழுகிற பெண், முகத்தை மட்டும் மறைத்திருந்தான். அவன் சொல்லிக்கொண்டிருந்தான்: "அவ ஒரு பராமரிப்பு ஊழியர். மற்றவையைப் பராமரிக்கத் தெரியும், தன்ர எல்லை தெரியாது. அண்டைக்கு நான் சொன்ன 'இல்லை'தான் அவவின்ர உயிரைக் காப்பாத்தினது. 'இல்லை' எண்டு சொல்லுறதும் அன்புதான்." சபை கைதட்டியது.

என் மூச்சைப் பறித்தவன் அதை அன்பு என்று விற்கிறான். கணவர், "விடப்பா. பொறுத்தார் பூமி ஆள்வார்," என்றார்.

"எனக்குப் பூமியை ஆளத் தேவையில்லை. அவன் பொய் சொன்னவன் எண்டு நாலு பேர் அறியவேணும். அவ்வளவுதான்," என்றேன். அவ்வளவுதான் என்று நான் சொன்னது பொய். நாலு பேர் எனக்குப் போதாது.

கடவுள் சில வேளைகளில் நல்ல நகைச்சுவைக்காரன். போன வருடம் கொம்மூன், அதாவது எங்கள் நகரசபை, பராமரிப்பு ஊழியர்கள் எல்லோருக்கும் ஒரு ஊழியர் நாள் வைத்தது. விளையாட்டு மண்டபத்தில் காலைச் சாப்பாடு, சேர்ந்து பாடுவது, பிறகு ஊக்கம் தரும் ஒரு உரை. ஓய்வறையில் ஒட்டியிருந்த அறிவித்தலில் உரையாளரின் சிரித்த முகம். அவனேதான். தலைப்பு, 'உன் எல்லையை அறி'. அந்த வாரம் முழுவதும் நான் பாட்டுப் பாடிக்கொண்டே படுக்கை விரிப்புகளை மாற்றினேன்.

முந்நூறு பேர் இருந்திருப்போம். நான் மூன்றாவது வரிசை. பக்கத்தில் என்னோடு நெடுங்காலம் வேலை செய்கிற டேனிஷ்காரி, ஓய்வுபெற இரண்டு வருடம்தான் இருந்தது அவளுக்கு. எல்லோரும் எழுந்து காலைப் பாட்டுப் பாடினோம். நான் நன்றாகவே பாடினேன். அவன் மேடையில் ஏறினான், பனியைக் காட்டினான், கூடாரத்தைக் காட்டினான், பிறகு என் விரலைக் காட்டினான்.

அவன் யோசிக்காத ஒன்று இருந்தது. வங்கிக்காரருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் அது வெறும் எண். இந்த மண்டபத்தில் இருந்த முந்நூறு பேரும் அந்தக் கருவியை ஒவ்வொரு நாளும் கையில் எடுக்கிறவர்கள். திரையில் என் விரல் ஆள் உயரத்துக்கு நின்றது. நுனி வெளிறி, நகம் நீலம் பாரித்து, கருவியில் நாடித் துடிப்பைக் காட்டுகிற பட்டை அடியோடு படுத்துக் கிடந்தது. மண்டபத்தில் ஒரு முணுமுணுப்புக் கிளம்பியது. அவன் அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டு குரலை உருக்கமாக்கினான்.

பக்கத்தில் இருந்தவள் என் காதுக்குள் சொன்னாள்: "உந்த விரல் செத்துப்போய்க் கிடக்கே. உதில என்னத்தை அளந்தவன்?"

நான் கையை உயர்த்தினேன். உரை நடக்கும்போது கேள்வி கேட்பது இந்த நாட்டு வழக்கம் இல்லை. அவன் திகைத்து, சிரித்து, கேள் என்றான்.

"அளக்க முதல் விரலைச் சூடாக்கினியா?"

"மலையில நேரம் இல்லை. முடிவைக் கெதியா எடுக்கவேணும்."

எனக்குப் பின்னால் இருந்து இன்னொருத்தி: "எங்கட இல்லத்து ஆக்களுக்கு மூச்சு முட்டேக்கையும் கெதியாத்தான் எடுக்கிறம். எண்டாலும் கையைத் தேய்ச்சுப்போட்டுத்தான் அளக்கிறம்."

"திருப்பி அளந்தியா?" இது பின்வரிசையில் ஒரு ஆண்குரல்.

"நாடிப் பட்டை படுத்துக் கிடக்கே, நீ பாக்கேல்லையா?"

புதிதாக வந்த பயிற்சி மாணவரைக் கேட்பது போல, அதட்டாமல், பொறுமையாக, ஒருவர் மாறி ஒருவர் கேட்டார்கள். எங்கள் தொழிலில் முதல் வாரத்துப் பாடம் இது. அவனுடைய கழுத்து சிவந்தது. அந்தப் பெண்ணுக்கு வேறு அறிகுறிகளும் இருந்தன, சோர்வு, குழப்பம் என்று இழுத்தான்.

"குழப்பம் இருக்கேல்லை. அந்த விரல் என்னுடையது," என்றேன். எழுந்து நின்று விரலைத் தூக்கிப் பிடித்தேன். தழும்பு அவனுக்கு நேரே. "என்ர ஒட்சிசன் போத்தல் உன்னோட வந்த கம்பனி முதலாளிக்குத் தேவைப்பட்டது. அதையும் இவைக்குச் சொல்லு."

அவன் திரையை மாற்றும் பொத்தானை இரண்டு தடவை அழுத்தினான், அது மூன்று படம் தாண்டிப் போய் அவனுடைய உச்சிப் படத்தில் நின்றது. ஒருவர்கூடக் கைதட்டவில்லை. எனக்கு அது இனித்தது. பச்சைத் தேன் மாதிரி இனித்தது. பாவம் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. பக்கத்தில் இருந்தவள் என் முழங்காலில் கையை வைத்து அழுத்தியபடி கடைசிவரை எடுக்காமல் இருந்தாள்.

இடைவேளையில் கோப்பி மேசைக்கு அருகே வந்தான்.

"நீ இங்க இருக்கிறாய் எண்டு எனக்குத் தெரியாது," என்றான். மன்னிப்பு என்று அவன் கேட்டது அவ்வளவுதான்.

"தெரிஞ்சிருந்தா?"

"அந்தப் படத்தை உரையில இருந்து எடுத்திருப்பன்."

"அண்டைக்குப் போத்தலை ஏன் எடுத்தனி?"

கோப்பையைப் பார்த்தான். "எனக்கு மற்ற ஆறு பேரையும் யோசிக்க வேண்டியிருந்தது."

"எடுத்துப்போடு அந்தப் படத்தை. இனி ஒரு இடத்திலயும் என்ர விரலைக் காட்டாதே," என்றேன். தலையாட்டினான். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் மீன் பொரித்துச் சாப்பிட்டு, பல வருடங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

ஆனால் என் குணம் எனக்குத் தெரியும். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறானா என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. இரண்டு மாதம் கழித்து விபோர்க் நகர நூலகத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் அவனுடைய உரை. கணவர் காரை ஓட்டினார். வண்டியை நிறுத்தும்போது, "சத்தம் போடாதை, என்ன?" என்றார். "பாக்கத்தான் வாறன்," என்றேன்.

பார்த்தேன். விரல் இல்லை. அழுகிற பெண்ணும் இல்லை. சொல்லைக் காப்பாற்றிவிட்டான். எனக்குள் கொஞ்சம் இறுக்கம் தளர்ந்த நேரம், திரையில் உச்சிப் படம் வந்தது. கொடியோடு ஆறு பேர்.

"ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போனன். ஆறு பேரும் உச்சியில நிண்டவை. நான் ஒருத்தரையும் பாதியில விடேல்லை," என்றான்.

சபை கைதட்டியது, முன்பு தட்டியதைவிடப் பலமாக. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டான். முன்பு அந்த மலையில் எனக்கு ஒரு விரலாவது இருந்தது. பொய்க்குச் சாட்சியாக என்றாலும் இருந்தது. இப்போது நான் அந்த மலைக்குப் போகவே இல்லை. அரிசி சுமந்தது, நத்தார் நாட்களில் வேலை செய்தது, மூன்றாவது முகாம் வரை சொந்த மூச்சில் ஏறியது, ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு வழி பண்ணிக் கொடுத்தவளும் நான்தான். படத்தை எடுத்துப்போடு என்று கட்டளை போட்ட என் வாயை அங்கேயே அறைய வேண்டும் போல இருந்தது.

கையை உயர்த்தினேன். அவன் கண்டான். கண்டதும், நேரம் போய்விட்டது, இன்றைக்குக் கேள்விகள் இல்லை என்றான். நூலகப் பெண் எழுந்து, கோப்பியும் கேக்கும் தயார் என்று அறிவித்தாள். கதிரைகள் இழுபட்டன. சனம் வாசல் பக்கம் திரும்பியது. கணவர் என் சட்டைக் கையைப் பிடித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, விட்டுவிட்டார்.

"நான் ஏழாவது ஆள்," என்றேன். மண்டபத்தின் கடைசிச் சுவருக்கும் கேட்டிருக்கும்.

எல்லோரும் நின்றார்கள். என் வயதுப் பெண் ஒருத்தி, கையில் அவனுடைய அடுத்த பயணத்தின் துண்டுப்பிரசுரத்தோடு, என் பக்கம் வந்தாள்.

"அவர் ஆறு பேர் எண்டுதானே சொன்னவர்?"

"ஓம். வழிகாட்டிக்கு முதல் வேலை ஆக்களை எண்ணுறது. அது தெரியாதவனோட மலைக்குப் போகாதை."

அவள் மேடையைப் பார்த்தாள். அவன் குனிந்து கணினியின் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றி முடிந்த கம்பியை அவிழ்த்து மறுபடியும் சுற்றினான்.

"உன்ர பெயர் என்ன?" என்று அவள் கேட்டாள்.

சொன்னேன். விளங்கவில்லை என்றாள். இன்னொரு தடவை, அவன் காதில் விழும்படி, எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.